பயிற்சி ஏட்டைத் திருத்தாத ஆசிரியருக்கு எதற்குக் கட்டணம்?



கடந்த இரண்டு மாதங்களாக நம் ஆசிரியர் புலனக் குழுக்களில் ஓர் அழைப்பிதழ் ஓயாமல் வலம் வந்துகொண்டிருக்கிறது. பணி ஓய்வுத் திட்டமிடல் வகுப்பாம். இரண்டு நாள் நிகழ்ச்சி, குளிரூட்டிய தங்கும்விடுதிக் கூடம், மதிய உணவு உண்டு, சான்றிதழும் உண்டு! கட்டணம் 1,488 ரிங்கிட். மாத இறுதிக்குள் பதிந்துகொண்டால் 988 ரிங்கிட். கணவன் மனைவியாக வந்தால் மேலும் தள்ளுபடி. நடத்துபவர் தமிழர், நடத்துவதும் தமிழில். ஆகையால் நம்மவரிடையே ஆர்வம் பெருகியிருப்பதில் வியப்பில்லை.

ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த வகுப்புக்குப் பணம் கட்டிப் போவதா, அல்லது நிதி ஆலோசகர் ஒருவரைப் பணம் கொடுத்து அமர்த்துவதா? எது நல்லது?"

சுற்றி வளைக்காமல் என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்புக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் கடன் கணக்கையும் காப்புறுதிப் பத்திரத்தையும் மேசைமீது விரித்துப் பார்த்து, தம் பெயரில் கையொப்பமிட்டு அறிவுரை எழுதித் தரும் உரிமம் பெற்ற ஒருவருக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள். இதைச் சொல்வதால் சிலரின் மனம் புண்படும் என்பது எனக்குத் தெரியும். வகுப்பு நடத்துவோரில் நமக்கு அறிமுகமானவர்களும் இருக்கிறார்கள். இருப்பினும் நாற்பதாண்டு உழைப்பின் பயனைப் பற்றிய பேச்சில் முகத்தாட்சண்யத்துக்கு இடமில்லை.

இருபதாண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நிற்பவள் நான். ஒரு வகுப்பால் என்ன இயலும், என்ன இயலாது என்பதைப் பயிற்சிக் கழகத்தில் படித்ததைவிடப் பிள்ளைகளிடம் படித்ததே அதிகம். கரும்பலகையில் பின்னக் கணக்கை எத்துணை அழகாக விளக்கினாலும் முப்பத்திரண்டு பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். "புரிந்ததா?" என்றால் "புரிந்தது டீச்சர்!" என்று கூரை அதிரும். பிறகு பயிற்சி ஏடுகளைத் திரட்டிக்கொண்டு வந்து திருத்த உட்காரும்போதுதான் உண்மை தெரியும். ஒரு பிள்ளைக்குப் பகுதியெண்ணைச் சமப்படுத்தத் தெரியவில்லை. இன்னொரு பிள்ளைக்கு வாய்ப்பாடே தடுமாறுகிறது. மூன்றாம் பிள்ளை அடுத்த பிள்ளையின் ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கிறது. கற்பித்தல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஏடு திருத்தாத ஆசிரியரைப் பற்றிப் பெற்றோர்களாகிய நீங்கள் என்ன பேசுவீர்கள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ!

அந்த இரண்டு நாள் வகுப்பு, ஏடு திருத்தாத வகுப்பு. நூற்றைம்பது பேரை அமர்த்திவைத்துப் பணவீக்கம் என்றால் என்ன, கூட்டு வட்டி எப்படி வளர்கிறது, ஏன் முன்னதாகவே சேமிக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவை யாவும் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. பங்குப் பத்திர ஆணையம் 2014-ஆம் ஆண்டு முதல் 'இன்வெஸ்ட் ஸ்மார்ட்' என்ற பெயரில் பொதுமக்களுக்காக நடத்திவரும் முயற்சியில் இவற்றைவிடத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார்கள். வட்டிக் கணக்கை நம் படிநிலை இரண்டு மாணவர்களே போட்டுவிடுவார்கள். இதற்கு 988 ரிங்கிட்டா?

உங்களுக்குத் தேவையான கணக்கு வேறு. ஓர் ஆசிரியையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கற்பனை ஆசிரியைதான், ஆனால் இவரைப் போன்றவர் எல்லாப் பள்ளி ஆசிரியர் அறையிலும் இருவராவது இருப்பர். வயது 58. ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். அறுபதில் ஓய்வு பெறும்போது முப்பதாண்டுப் பணி, அதாவது 360 மாதங்கள், நிறைவுற்றிருக்கும். இறுதி அடிப்படை ஊதியம் 6,000 ரிங்கிட் என்று கொள்வோம். ஓய்வூதியத்துக்கான வாய்பாடு எளிது: பணி மாதங்களை இறுதி அடிப்படை ஊதியத்தால் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும், ஊதியத்தின் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகாது. ஆக இவருக்கு மாதம் 3,600 ரிங்கிட். நம்மவர் வாயில் 'கஞ்சாரான்' என்று வழங்கும் பணிக்கொடையோ, பணி மாதங்களையும் இறுதி ஊதியத்தையும் பெருக்கியதில் 7.5 விழுக்காடு. 360 பெருக்கல் 6,000, அதில் 7.5 விழுக்காடு என்றால் 162,000 ரிங்கிட். ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகை. தம் வாழ்நாளில் அதற்கு முன்னும் பின்னும் அவர் அத்தகைய தொகையை ஒருசேரப் பார்க்கப் போவதில்லை.

இதுவரை எல்லாருக்கும் பொதுவான கணக்கு. அரசாங்கத்தின் ஓய்வூதியப் பிரிவே இதைச் சொல்லிவிடும். இனிமேல்தான் அந்த ஆசிரியையின் சொந்தக் கணக்கு வருகிறது. படிகளோடு சேர்த்து இதுநாள்வரை மாதம் 6,900 ரிங்கிட் பெற்றுவந்தவர் அவர். ஓய்வூதியம் அடிப்படை ஊதியத்தின் மீது மட்டுமே கணக்கிடப்படுவதால் படிகள் கணக்கில் இல்லை. அரசாங்க வீட்டுக்கடன் மாதம் 1,100 ரிங்கிட். அது ஓய்வூதியத்திலும் தொடர்ந்து பிடிக்கப்படும். கைக்கு வருவது 2,500. கூட்டுறவுக் கழகத்தில் மகள் திருமணத்துக்கு வாங்கிய கடனில் இன்னும் 45,000 நிலுவை. இரண்டு காப்புறுதிகளுக்கு மாதம் 380. மகன் தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கணவருக்கு வயது 61, லாரி ஓட்டியவர், அவருடைய ஊழியர் சேமநிதியில் எஞ்சியிருப்பது 80,000 ரிங்கிட்.

இப்போது சொல்லுங்கள். அந்த 162,000 ரிங்கிட்டைக் கொண்டு அவர் வீட்டுக்கடனை அடைக்க வேண்டுமா? கூட்டுறவுக் கடனை மட்டும் அடைத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டுமா? இரண்டு காப்புறுதிகளில் ஒன்றை நிறுத்தலாமா? ஓய்வூதியருக்கு அரசாங்க மருத்துவமனைச் சலுகை உண்டு என்பதால் எந்தக் காப்புறுதி மிகை, எது தேவை? கணவரின் சேமநிதியை எடுக்காமல் விட்டுவைத்தால் ஆதாயப் பங்கு கிடைக்குமே (2024-ஆம் ஆண்டுக்கு அது 6.30 விழுக்காடு), அதைத் தொடாமல் பணிக்கொடையிலிருந்து மகனின் கட்டணத்தைக் கட்டுவதா? கூட்டுறவுக் கடனுக்கு அவர் கட்டும் வட்டி அந்த 6.30-ஐவிட அதிகமா, குறைவா?

இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஆனால் அது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உரிய விடை. அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் திருமணமாகாத ஆசிரியருக்கு அது பொருந்தாது. பின்வரிசையில் இருக்கும் இளம் ஆசிரியருக்கோ கேள்வியே வேறு. 2024 பிப்ரவரி 1 முதல் அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியத் திட்டமே இல்லை, ஊழியர் சேமநிதியைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஓய்வூதியம் பெறுபவரையும் பெறாதவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி ஒரே பாடத்தை நடத்துகிறவரை என்னவென்பது! ஆண்டு ஒன்றையும் ஆண்டு ஆறையும் ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தினால் கல்வி இலாகா சும்மா விடுமா?

சரி, இது தெரிந்தும் நாம் ஏன் வகுப்பை விரும்புகிறோம்? கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். வகுப்பில் யாரும் நம் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. கூட்டுறவுக் கடன் எவ்வளவு என்று கேட்பதில்லை. தங்கையின் கணவருக்குப் பிணை நின்றதையும், கடன் அட்டை மூன்று இருப்பதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு, நண்பர்களோடு படம் பிடித்துக்கொண்டு, ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பலாம். ஆலோசகரின் மேசைக்கு எதிரே அமர்ந்தால் அப்படி முடியாது. முதல் கேள்வியே, "மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது?" என்பதாக இருக்கும். ஆசிரியர் என்ற மதிப்போடு ஊரில் நடமாடும் நமக்கு, அந்நியர் ஒருவர்முன் நம் ஏட்டைத் திறந்து காட்டுவது கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகள் ஏட்டை மறைத்தால் மட்டும் நாம் கண்டிக்கிறோம்.

இன்னொன்று, வகுப்பு பெரும்பாலும் வகுப்போடு முடிவதில்லை. முன்னோட்டம் இலவசம். அடுத்தது 988 ரிங்கிட். இரண்டாம் நாள் மாலையில், எல்லாரும் களைத்து நெகிழ்ந்திருக்கும் வேளையில், 'மேல்நிலை' வகுப்பின் அறிவிப்பு வரும். அது நாலாயிரமோ ஐயாயிரமோ. இன்றிரவே பதிந்தால் பாதி விலை. கடன் அட்டையில் தவணையாகவும் செலுத்தலாம். ஓய்வுக்காலத்துக்குக் கடனில்லாமல் இருங்கள் என்று காலையில் கற்பித்தவர், மாலையில் தவணையில் கட்டச் சொல்கிறார்! எல்லா வகுப்பும் இப்படி என்று நான் சொல்லவில்லை. அரசுத் துறைகள் தம் பணியாளர்களுக்கு நடத்தும் ஓய்வுக்கு முந்திய பயிற்சிகளையும் நான் இங்குக் குறிப்பிடவில்லை; அவற்றுக்குத் தாராளமாகச் செல்லுங்கள். பணம் வசூலித்து நடத்தப்படும் வகுப்புகளில், அடுத்த படியை விற்காத ஒன்றை எனக்குத் தெரிந்தவர் எவரும் இன்றுவரை கண்டதில்லை என்று மட்டும் சொல்வேன்.

மேடையில் கேட்டதை நம்பிப் பணம் போட்ட சமூகம் நம்முடையது. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோது தோட்டந்தோறும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். மாலை மரியாதை, எழுச்சியுரை, கைத்தட்டல் எல்லாம் இருந்தன. நம் பெற்றோர்கள் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினார்கள். 2010-இல் ஒரு ரிங்கிட் பங்கு 80 காசுக்கு விலைபோனது. இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின்! அதன்பின்னும் நாம் மேடையை நம்புவதை நிறுத்தினோமா? தங்க முதலீடு என்று சொல்லி மாதாமாதம் பணம் தந்துவந்த ஜென்னேவா நிறுவனத்தை 2012 அக்டோபரில் பேங்க் நெகாரா சோதனையிட்டபோது, கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களில் பணி ஓய்வு பெற்றவர்களும் இருந்தார்கள்.

துன் சம்பந்தனும் தோட்டந்தோறும் சென்று பேசித்தானே 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் பேசினார், ஆனால் அந்தப் பணம் தோட்டமாக நின்றது. கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்க் கணக்கு இருந்தது. உறுப்பினர் என்ற உரிமையோடு பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கவும் வழி இருந்தது. இரண்டு நாள் வகுப்பு முடிந்தபின் நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? "நான் பொதுவாகத்தான் சொன்னேன், முடிவு உங்களுடையது" என்பார் பேச்சாளர். சட்டப்படி அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

நிற்க. மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "வகுப்பும் வேண்டாம், ஆலோசகருக்குக் கட்டணமும் வேண்டாம். என் முன்னாள் மாணவன் காப்புறுதி முகவராக இருக்கிறான், எனக்கு இலவசமாகவே எல்லாம் பார்த்துத் தருகிறான்" என்பார்கள். இவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, கவலைதான் உண்டு. முகவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். என் முன்னாள் மாணவர்களிலும் முகவர்கள் இருக்கிறார்கள், உழைத்து முன்னேறியவர்கள், அவர்களை எண்ணிப் பெருமைப்படுகிறேன். ஆனால் அவர்கள் விற்பனையாளர்கள். விற்றால்தான் வீட்டில் அடுப்பெரியும். "டீச்சர், உங்களுக்கு எதுவும் வாங்கத் தேவையில்லை" என்று சொன்னால் அந்த மாதம் அவர்களுக்கு வருமானம் இல்லை. அத்தகைய இக்கட்டில் ஒருவரை நிறுத்திவிட்டு அவரிடமே நடுநிலையான அறிவுரையை எதிர்பார்ப்பது அவருக்கும் நாம் செய்யும் அநியாயம்.

இலவசம் என்பதும் வெறும் பேச்சு. யூனிட் டிரஸ்ட் நிதிகளில் ரொக்கமாகப் பணம் போட்டால் விற்பனைக் கட்டணமாக 5 விழுக்காடு அளவுக்குப் பிடிப்பவை உண்டு. பணிக்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரிங்கிட்டைப் போட்டால், முதல் நாளே 5,000 ரிங்கிட் போய்விடும். ஊழியர் சேமநிதி உறுப்பினர் முதலீட்டுத் திட்டத்தின்வழி முகவரிடம் வாங்கினால் உச்சவரம்பு 3 விழுக்காடு. அதையே வாரியத்தின் 'ஐ-இன்வெஸ்ட்' தளத்தில் நீங்களே வாங்கினால் அரை விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. 50,000 ரிங்கிட்டுக்கு ஒன்றில் 1,500, மற்றொன்றில் 250. இந்த வேறுபாட்டை உங்கள் 'இலவச' ஆலோசகர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரா? தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தால் 3,000 ரிங்கிட் வரைக்கும் வரிக்கழிவு உண்டு என்பதை எல்லாரும் சொல்கிறார்கள். 55 வயதுக்கு முன் அவசரத்துக்கு எடுத்தால் 8 விழுக்காடு வரியாகப் போகும் என்பதை எத்தனை பேர் அதே மூச்சில் சொல்கிறார்கள்?

ஆக, நான் சொல்லும் ஆலோசகர் யார்? பெயரட்டையில் 'நிதி ஆலோசகர்' என்று அச்சடித்திருப்பவர் எல்லாரும் அல்லர். நம் நாட்டில் நிதித் திட்டமிடல் உரிமம் பெற்றுச் செய்ய வேண்டிய தொழில். 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை, சேவைச் சட்டத்தின்கீழ்ப் பங்குப் பத்திர ஆணையம் அந்த உரிமத்தை வழங்குகிறது. நிறுவனத்துக்கு ஓர் உரிமம், அதில் பணியாற்றும் ஆளுக்குத் தனி உரிமம். காப்புறுதி சார்ந்த நிதி ஆலோசனை நிறுவனங்களுக்கு 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்கீழ்ப் பேங்க் நெகாராவின் ஒப்புதல் வேண்டும். இரண்டு பட்டியல்களும் அந்தந்த அமைப்பின் அகப்பக்கத்தில் உள்ளன. ஆளின் பெயரைத் தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படியே இரு அமைப்புகளும் வெளியிட்டிருக்கும் எச்சரிக்கைப் பட்டியலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர் ஏதேனும் அதில் இருந்தால் என்மீது வருத்தப்படாதீர்கள்.

உரிமம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கட்டணமும் வாங்கிக்கொண்டு, விற்கும் பொருளிலிருந்து தரகும் வாங்குகிறவர்கள் உரிமம் பெற்றவர்களிலும் உண்டு. அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: "என்னிடமிருந்து எவ்வளவு, பிறரிடமிருந்து எவ்வளவு?" விடையை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

என் பள்ளியில் உடன்பணியாற்றும் ஆசிரியை ஒருவர் சென்ற ஆண்டு அப்படி ஒருவரைத் தேடிச் சென்றார். கட்டணம் 1,800 ரிங்கிட். மூன்று சந்திப்புகள். ஆசிரியர் அறையில் எல்லாரும் கேலி செய்தோம் என்று சொல்லக்கூடாது, நான் செய்யவில்லை, மற்றவர்கள் செய்தார்கள். பன்னிரண்டு பக்க அறிக்கை வந்தது. அதில் அவரைப் புதிதாக வாங்கச் சொன்னது எதுவுமே இல்லை! ஒரே நோய்க்கு இரண்டு காப்புறுதிகள் கட்டிவந்ததைக் கண்டுபிடித்து, எதை நிறுத்துவது, நிறுத்துவதால் எதை இழப்பார் என்று எழுதியிருந்தார்கள். பணிக்கொடை வந்ததும் எந்தக் கடனை முதலில் அடைப்பது, ஏன் என்பதைக் கணக்கோடு காட்டியிருந்தார்கள். வாரிசுப் பெயர் இன்னும் மறைந்த தந்தையின் பெயரிலேயே இருக்கும் ஒரு பழைய பத்திரத்தையும் சுட்டியிருந்தார்கள். நிறுத்திய காப்புறுதியில் மாதம் 190 ரிங்கிட் மிச்சம். பத்து மாதத்தில் கட்டணம் திரும்பிவிட்டது. இதை எந்த வகுப்பு செய்யும்?

"கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நீங்களே கற்காதே என்கிறீர்களே! பிறரைச் சார்ந்திருப்பதைவிட நாமே கற்றுக்கொள்வது மேலல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கற்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆலோசகரிடம் போவதற்கு முன் கட்டாயம் கற்றுக்கொண்டு போங்கள்; ஒன்றும் தெரியாமல் போனால் அங்கும் ஏமாறலாம். கற்பதற்குப் பணம் வேண்டாம் என்பதே என் கட்சி. நூலகம் இருக்கிறது, ஆணையத்தின் பக்கங்கள் இருக்கின்றன. திருத்துவதற்குத்தான் ஆள் வேண்டும்; ஆளுக்குத்தான் கூலி.

பெற்றோர்களில் பலருக்கு 1,800 ரிங்கிட் பெருந்தொகை என்பதை அறிவேன். உங்களுக்கு அந்தச் செலவும் தேவையில்லை. ஊழியர் சேமநிதி வாரியத்தின் கிளைகளில் ஓய்வுக்கால ஆலோசனைச் சேவை 2014 முதல் நடக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போனால் வாரிய அதிகாரி உங்கள் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களோடு தனியே பேசுவார், கட்டணம் இல்லை, விற்பதற்கு அவரிடம் பொருளும் இல்லை. கடன் கழுத்தை நெரித்தால் பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனமான ஏ.கே.பி.கே. இருக்கிறது, அதுவும் இலவசம். சொந்தத் தொழில் செய்கிறீர்களா? டாக்சி, தையல், உணவுக்கடை என்று எதுவாயினும் 'ஐ-சாரான்' திட்டத்தில் நீங்களாகவே சேமநிதி கட்டலாம். 2025 முதல் நீங்கள் கட்டுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரைக்கும், அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. 2,500 போட்டால் 500 கூடுதல். வகுப்புக்குக் கட்ட வைத்திருந்த 988 ரிங்கிட்டை அதில் போட்டாலே 197 ரிங்கிட்டுக்கு மேல் சேரும். இந்த ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல், ஐந்நூறு பேர் அமரும் கூடத்தில் பணவீக்கத்தைப் பற்றிக் கேட்டு என்ன பயன்?

ஒன்றை மட்டும் வகுப்பு நடத்துவோருக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவர்கள் தமிழில் பேசுகிறார்கள். உரிமம் பெற்ற ஆலோசகர்களில் தமிழில் விளக்கக்கூடியவர் சிலரே. அறிக்கைகளோ ஆங்கிலத்திலோ மலாயிலோதான் வருகின்றன. மலாய் சரளமாகப் பேசத் தெரியாத ஒரு தாய் சேமநிதி அலுவலகத்தில் வாய் திறக்கவே தயங்குகிறார். அந்தத் தயக்கம்தான் கூடங்களை நிரப்புகிறது. இது நம் சமூக அமைப்புகள் வெட்கப்பட வேண்டிய குறை. ஆனால் மருந்துச் சீட்டு நமக்குப் புரியாத மொழியில் இருக்கிறது என்பதற்காக, தமிழில் நன்றாகப் பேசும் மருந்து விற்பனையாளரிடம் போய் நாடி பார்க்கச் சொல்வோமா? படித்த மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். இல்லையேல் எங்களைக் கூப்பிடுங்கள். பள்ளி முடிந்தபின் வந்து மொழிபெயர்க்க ஆசிரியர்கள் சிலராவது இருக்கிறோம்.

இத்துணை சூடாக நான் எழுதக் காரணம் ஒன்றுண்டு. அந்த அழைப்பிதழோடு ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு செய்தியும் வந்தது. பெற்றோர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஆசிரியருக்கு 100 ரிங்கிட்! பெற்றோர் ஆசிரியர் சங்கம் பள்ளி மண்டபத்தை முன்னோட்ட வகுப்புக்குத் தந்தால் சங்கத்துக்கும் ஒரு நன்கொடை. ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டு ஊருக்கு வந்து, பாதுகாவலராகவும் துப்புரவாளராகவும் உழைத்துப் பிள்ளையை நம் பள்ளிக்கு அனுப்பும் தாய், நம்மிடமிருந்து ஒரு செய்தி வந்தால் அதை ஆராய்வாரா? "டீச்சர் அனுப்பியிருக்காங்க, நல்லதாத்தான் இருக்கும்" என்பார். அவருடைய அந்தச் சொல்லுக்கு விலை 100 ரிங்கிட் என்று யாரோ ஒருவர் நிர்ணயித்திருக்கிறார். நம்மில் சிலர் அதை ஏற்றுக்கொண்டு அழைப்பிதழைப் பெற்றோர் குழுக்களில் பகிர்ந்தும் இருக்கிறார்கள். பகிர்ந்தவர்கள் யார் என்பதை நான் இங்கு எழுதப் போவதில்லை. அந்த நூறு ரிங்கிட்டைப் பற்றிப் பெற்றோர்களிடம் சொல்லிவிட்டுப் பகிர்ந்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கப் போகிறேன். பணம் வசூலிக்கும் எந்த நிதி வகுப்புக்கும் நம் பள்ளி மண்டபமும் பள்ளியின் பெயரும் தரப்படக் கூடாது என்பது முதலாவது. சேமநிதி வாரியத்துக்கும் ஏ.கே.பி.கே.-வுக்கும் கடிதம் எழுதி, தமிழ் தெரிந்த அதிகாரியை ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டுப் பெறுவது இரண்டாவது. கடித வரைவு தயாராக இருக்கிறது. வேறு பள்ளிகளில் இருப்பவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். பள்ளியின் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். அன்று வருகிறவர்கள் அண்மைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, கடன் புத்தகம் ஆகிய மூன்றையும் மறவாமல் கொண்டுவரவும்.